கலிஃபோர்னியாவில் வேலை செய்த காசு வரவில்லை: மெக்கானிக்ஸ் லீன் போட்டு வசூலிக்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சான் ஹோசேயில் ஒரு வீட்டு ரீமாடல். அதில் குளியலறை, சமையலறை டைல்ஸ் வேலையை சப் கான்ட்ராக்டராக எடுத்துச் செய்தவர் கேட்கிறார். 14,000 டாலர் பாக்கி. அவருடைய பங்கு வேலை முடிந்து ஏழு வாரம் ஆகிறது. மொத்த ரீமாடலையும் எடுத்து இவரை அமர்த்திய ஜெனரல் கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. வீட்டுக்காரரோ, "நான் அவருக்கு முழுசாகக் கொடுத்துவிட்டேன், உங்கள் கணக்கை அவரிடமே பேசிக்கொள்ளுங்கள்" என்கிறார். மெக்கானிக்ஸ் லீன் என்று ஒன்று இருக்கிறதாமே, அதைப் போடலாமா, போட்டால் பணம் வருமா?

போடலாம், பணமும் வரும். ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: வேலை தொடங்கியபோது ப்ரிலிமினரி நோட்டீஸ், அதாவது இந்த வேலையில் நானும் இருக்கிறேன் என்ற முன்னறிவிப்பு, அனுப்பினீர்களா? கட்டுமானக் கம்பெனிகளுக்கு பில், லீன் காகிதங்கள் பார்த்துக்கொடுப்பதுதான் என் தொழில். பணம் நின்றுபோன பிறகு என்னிடம் வருகிறவர்களில் யாருடைய காசு திரும்பும், யாருடையது திரும்பாது என்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியின் பதிலிலேயே தெரிந்துவிடும். லீன் என்பது பணம் வராதபோது தேடி எடுக்கிற ஆயுதம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முதல் டைலை ஒட்டிய வாரத்திலேயே அதைத் தயார் செய்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் இது என்ன உரிமை என்று பார்ப்போம். தையல்காரர் கூலி வரும்வரை தைத்த சட்டையைத் தராமல் வைத்துக்கொள்ளலாம். டைல்ஸ் ஒட்டியவர் அப்படிச் செய்ய முடியாது. ஒட்டிய நிமிடமே அவருடைய சரக்கும் உழைப்பும் அடுத்தவர் வீட்டின் பாகமாகிவிடுகிறது, பெயர்த்து எடுத்துப் போக வழியில்லை. அதற்கு ஈடாகத்தான் அமெரிக்கச் சட்டம் அந்தச் சொத்தின் மீதே ஒரு பிடியைக் கொடுக்கிறது. 1791-ல் வாஷிங்டன் நகரத்தைக் கட்டத் தொடங்கிய காலத்தில், தாமஸ் ஜெஃபர்சனும் ஜேம்ஸ் மேடிசனும் இருந்த தரப்பின் முயற்சியால் மேரிலாந்து சட்டமன்றம் இப்படி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. நிலம் ஏராளம், ரொக்கம் இல்லை. கொத்தனாரும் தச்சரும் நம்பி வேலைக்கு வர வேண்டுமென்றால் நிலத்தையே பிணையாகக் காட்ட வேண்டியிருந்தது. இன்று எல்லா மாநிலத்திலும் ஏதோ ஒரு வடிவில் இது இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அது மாநில அரசியலமைப்பிலேயே, 14-வது பிரிவில், எழுதி வைத்த உரிமை. வழக்கு முடியும் முன்பே சொத்தின் மீது பிடி விழுவது நியாயமா என்ற கேள்வி எழுந்தபோது, 1976-ல் மாநில உச்ச நீதிமன்றம் இந்த முறை செல்லும் என்றே சொன்னது.

நம் ஊர் வழக்கில் சொன்னால், லீனைப் பதிவு செய்வது சொத்தின் மேல் ஒரு வில்லங்கத்தை ஏற்றுவது. சொத்துப் பத்திரங்களைப் பதிவு செய்யும் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் அது ஏறிவிட்டால், வீட்டை விற்கப் போனாலும் ரீஃபைனான்ஸ் செய்யப் போனாலும், சொத்தில் வில்லங்கம் இருக்கிறதா என்று பார்க்கும் டைட்டில் கம்பெனி அதைக் கண்டுபிடிக்கும். தீர்த்துவிட்டு வா என்று சொல்லும். வீடு ஏலத்துக்குப் போய் காசு வருவது அரிது. பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே, இந்த நெருக்கடியில்தான் பணம் வருகிறது.

"நான்தான் முழுசாகக் கொடுத்துவிட்டேனே" என்ற வீட்டுக்காரரின் பதிலுக்கு வருவோம். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கலிஃபோர்னியாவில் அது லீனைத் தடுக்காது. அவர் ஜெனரல் கான்ட்ராக்டருக்குக் கொடுத்த பணம் உங்களுக்கு வந்து சேரவில்லை என்றால், உங்கள் உரிமை அவர் வீட்டின் மேல் அப்படியே நிற்கும். ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுக்கும் நிலைகூட அவருக்கு வரலாம். ஒப்பந்தத்தையும், ஒப்பந்தத் தொகையில் குறைந்தது பாதிக்கு ஒரு பேமென்ட் பாண்டையும் (வேலை செய்தவர்களுக்குப் பணம் வரும் என்ற உத்தரவாதப் பத்திரம்) முன்கூட்டியே பதிவு செய்திருந்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சாதாரண வீட்டு ரீமாடலில் அப்படிச் செய்பவர்களைப் பார்ப்பது கடினம். இது வீட்டுக்காரர்களுக்குக் கடுமையான சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜெனரல் கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுத்ததும் பணத்தை எப்போது, எப்படிக் கொடுப்பது என்று தீர்மானித்ததும் அவர்தான். அந்த வேலையின் பலன் நிற்பதும் அவர் வீட்டில்தான். இரண்டு நிரபராதிகளில் ஒருவர் இழப்பைச் சுமக்க வேண்டும் என்றால், முழங்காலிட்டு டைல்ஸ் ஒட்டியவர் தலையில் அது விழக்கூடாது என்று சட்டம் தீர்மானித்திருக்கிறது. அது சரி என்றே நான் நினைக்கிறேன்.

அதற்காக வீட்டுக்காரரை எதிரியாக நடத்தாதீர்கள். லீன் விழுந்தால் அதை எதிர்த்துத் தன் செலவில் வழக்காட வேண்டிய பொறுப்பு ஜெனரல் கான்ட்ராக்டருடையது. இன்னும் கொடுக்க வேண்டிய தொகை ஏதாவது கையில் இருந்தால், அதிலிருந்து லீன் தொகையை வீட்டுக்காரர் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். இதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாலே பல சமயம் அவரே ஜெனரல் கான்ட்ராக்டரை விரட்டத் தொடங்குவார். "உங்கள் இருவர் பெயரிலும் சேர்த்து ஒரே செக்காகத் தருகிறேன்" என்று அவர் முன்வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். நல்ல வழி அது.

சரி, ப்ரிலிமினரி நோட்டீஸ். நீங்கள் வேலையோ சரக்கோ கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து 20 நாட்களுக்குள் வீட்டுக்காரர், ஜெனரல் கான்ட்ராக்டர், கட்டுமானத்துக்குக் கடன் கொடுத்தவர் இருந்தால் அவர், இவர்கள் எல்லோருக்கும் இது போக வேண்டும். உங்கள் பெயர் முகவரி, என்ன வேலை, உத்தேசமாக எவ்வளவு தொகை, எந்த இடம், உங்களை அமர்த்தியது யார் என்ற விவரங்களோடு, சொத்து உரிமையாளருக்கான எச்சரிக்கை வாசகம் சட்டத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். சர்ட்டிஃபைட் மெயில், ரெஜிஸ்டர்ட் மெயில், ஓவர்நைட் கூரியர், நேரில் கொடுப்பது, இவற்றில் ஒன்று. இமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பிவிட்டேன் என்றால் அதை நம்பி இருக்க முடியாது. அனுப்பியதற்கான ரசீதும், எந்த நாளில் எப்படி அனுப்பினீர்கள் என்று கையெழுத்திட்ட சாட்சிக் காகிதமும் பத்திரமாக இருக்கட்டும்.

தாமதமாக அனுப்பினால் எல்லாமே போய்விடாது. அனுப்பிய நாளுக்கு முந்தைய 20 நாட்களில் செய்த வேலைக்கும், அதற்குப் பிறகு செய்யும் வேலைக்கும் உரிமை கிடைக்கும். அதற்கு முந்தையது கைவிட்டுப் போகும். உங்கள் வேலை முடிந்து ஏழு வாரம் ஆகிவிட்டதால், இன்று அனுப்பினால் பின்னோக்கிப் பார்க்கும் அந்த 20 நாட்களில் ஒரு மணி நேர வேலைகூட இருக்காது. அதனால்தான் அந்தக் கேள்வியை முதலில் கேட்டேன்.

இதை அனுப்பத் தயங்குகிறவர்கள் நிறைய. குறிப்பாக நம்மவர்கள். "வேலை தொடங்கிய மறுநாளே நோட்டீஸ் விட்டால் அவர் என்ன நினைப்பார், நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாதா" என்பார்கள். தெரிந்தவர் மூலமாக வந்த வேலை என்றால் தயக்கம் இன்னும் கூடும். கலிஃபோர்னியாவில் இது தினசரி நடைமுறை. சிமென்ட் சப்ளை செய்யும் பெரிய கம்பெனி முதல் ஓர் ஆள் நடத்தும் பெயின்ட் வேலைவரை எல்லோரும் அனுப்புகிறார்கள், அனுபவமுள்ள ஜெனரல் கான்ட்ராக்டர்கள் எதிர்பார்க்கவும் செய்கிறார்கள். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று: 400 டாலருக்கு மேல் வரும் வேலையில் சப் கான்ட்ராக்டர் இதை அனுப்பாமல் விட்டால், கான்ட்ராக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் மாநில லைசென்ஸ் போர்டு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவே சட்டம் இடம் தருகிறது. அப்படிப்பட்ட காகிதத்தை அனுப்புவதில் யாருக்கும் அவமரியாதை இல்லை. வேலை கிடைத்த அன்றே, இன்வாய்ஸ் நம்பர் போடுவதற்கு முன்பே, நோட்டீஸைத் தயார் செய்துவிடுங்கள்.

இரண்டு பேருக்கு மட்டும் விதி வேறு. வீட்டுக்காரரோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டவர் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு மட்டும் அனுப்பினால் போதும். கடன் இல்லையென்றால் யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. தினக்கூலிக்கு வேலை செய்த தொழிலாளிக்கு நோட்டீஸ் தேவையே இல்லை, அவர் நேரடியாக லீன் போடலாம்.

நோட்டீஸ் போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். அடுத்தது லைசென்ஸ். டைல்ஸ் வேலைக்கு சி-54 வகை லைசென்ஸ் வேண்டும். வேலை நடந்த நாட்கள் முழுவதும் அது உயிரோடு இருந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியா இதில் இரக்கமே காட்டாது. லைசென்ஸ் தேவைப்படும் வேலையை அது இல்லாமல் செய்தவர் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது, லீனும் நிற்காது. அதற்கு மேல், ஏற்கனவே வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடு என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். அமர்த்தியவர் ஏமாற்றித்தான் வேலைக்கு வரவழைத்தார் என்ற வாதத்தைக்கூட 1991-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. கவனிக்காமல் விடுவது எங்கே என்றால், ஆள் வைத்து வேலை செய்பவரின் தொழிலாளர் இழப்பீட்டு இன்ஷூரன்ஸ் காலாவதியானால் லைசென்ஸும் தானாகவே முடங்கிவிடும். அவருக்கே தெரியாமல் இடையில் சில வாரம் லைசென்ஸ் இல்லாதவராக ஆகியிருப்பார். லீன் போடும் முன் லைசென்ஸ் போர்டு தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு, வேலை நடந்த காலத்தில் இடைவெளி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி தேதிகள். பதிவு செய்யும் கெடு உங்கள் டைல்ஸ் வேலை முடிந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. மொத்த ரீமாடலும் முடிந்த நாளிலிருந்து 90 நாட்கள். ஏழு வாரம் ஆகிவிட்டதே என்று பயந்தவருக்கு இது ஆறுதல். உங்களுக்குப் பின்னால் பெயின்டரும் பிளம்பரும் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால் கடிகாரம் தொடங்கவே இல்லை. மொத்த வேலையும் 60 நாள் தொடர்ந்து நின்றுபோனால், அதுவும் முடிந்ததாகவே கணக்கு.

ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. வேலை முடிந்த 15 நாட்களுக்குள் வீட்டுக்காரர் ரெக்கார்டர் அலுவலகத்தில் 'நோட்டீஸ் ஆஃப் கம்ப்ளீஷன்' பதிவு செய்துவிட்டால், சப் கான்ட்ராக்டருக்கான கெடு அந்தப் பதிவு நாளிலிருந்து 30 நாளாகச் சுருங்கிவிடும். நேரடி ஒப்பந்தக்காரருக்கு 60 நாள். உதாரணமாக மார்ச் 3-ல் வேலை முழுவதும் முடிந்தால், சாதாரணமாக ஜூன் 1 வரை நேரம் உண்டு. மார்ச் 10-ல் அந்த நோட்டீஸ் பதிவாகியிருந்தால் ஏப்ரல் 9-தான் உங்களுக்குக் கடைசி நாள். ப்ரிலிமினரி நோட்டீஸ் கொடுத்தவர்களுக்கு இதன் நகலை 10 நாளில் அனுப்ப வேண்டும் என்ற விதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நான்கு யூனிட் வரை உள்ள வீட்டில் தானே குடியிருக்கும் உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது. உங்கள் விஷயத்தில் அவர் யாருக்கும் சொல்லாமலேயே பதிவு செய்திருக்கலாம். எனவே சான்டா கிளாரா கவுண்டி கிளார்க்-ரெக்கார்டர் அலுவலகப் பதிவுகளில் வீட்டுக்காரர் பெயரைத் தேடிப் பார்ப்பதை நாளைக்குத் தள்ளாதீர்கள்.

எவ்வளவு தொகைக்குப் போடலாம் என்பதில் ஆசை கூடாது. பேசிய விலை, செய்த வேலையின் நியாயமான மதிப்பு, இந்த இரண்டில் எது குறைவோ அது. அதிலும் வாங்கிய முன்பணத்தையும் கழிவுகளையும் கழித்துவிட வேண்டும். எழுத்தில் ஒப்புக்கொண்ட சேஞ்ச் ஆர்டர்களைச் சேர்க்கலாம். வாய்ப்பேச்சில் கூட்டிய வேலை என்றால் அதில்தான் சண்டை வரும், குறைந்தது மெசேஜில் "சரி, போடுங்கள்" என்று அவர் சொன்ன சாட்சியாவது வேண்டும். வட்டி, வக்கீல் செலவு, தாமதத்தால் வந்த நஷ்டம், செய்யாத வேலையின் லாபம் இவற்றை லீனில் ஏற்றக்கூடாது. கணக்குத் தவறு நேர்ந்தால் நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளும். ஏமாற்றும் எண்ணத்தோடு தொகையை ஊதிப் பெருக்கினால் லீன் மொத்தமும் செல்லாமல் போகும். 14,000 உண்மையான பாக்கி என்றால் 14,000 மட்டுமே எழுதுங்கள்.

காகிதத்தில் இருக்க வேண்டியவை: கழிவு போன பாக்கித் தொகை, உரிமையாளர் பெயர், செய்த வேலை, உங்களை அமர்த்தியவர் பெயர், சொத்தை அடையாளம் காட்டும் விவரம், உங்கள் முகவரி. கூடவே, 'நோட்டீஸ் ஆஃப் மெக்கானிக்ஸ் லீன்' என்ற எச்சரிக்கைப் பகுதி சட்டத்தில் உள்ள அதே சொற்களில். எழுதியது உண்மை என்று உறுதிமொழியோடு கையெழுத்து. பதிவுக்குக் கொடுக்கும் முன் இதன் நகலை உரிமையாளருக்கு சர்ட்டிஃபைட் மெயிலில் அனுப்பி, அனுப்பியதற்கான சாட்சிப் பத்திரத்தையும் இணைக்க வேண்டும். இதை அனுப்பாவிட்டால் பதிவான லீனும் பயன்படாது. கவுண்டி அலுவலகத்தில் வாங்கிக்கொள்கிறவர் உங்கள் லீன் சட்டப்படி சரியா என்று பார்க்க மாட்டார். அவர் முத்திரை போட்டுக் கொடுத்ததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

பதிவு செய்யும் முன் ஒரு கடிதம் அனுப்பிப் பார்ப்பது என் வழக்கம். கலிஃபோர்னியாவில் அது கட்டாயமில்லை. "இத்தனை நாளுக்குள் பாக்கி வரவில்லை என்றால் லீன் பதிவு செய்வேன்" என்று ஜெனரல் கான்ட்ராக்டருக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே நேரத்தில், மரியாதையான மொழியில், கணக்கு விவரத்தோடு அனுப்புங்கள். பத்து நாள் கொடுங்கள். கெடு நெருங்கிவிட்டால் கடிதத்தை விட்டுவிட்டு நேரே பதிவுக்குப் போய்விடுங்கள்.

லீன் பதிவாகிவிட்டது என்று பலர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் பார்த்த இழப்புகளில் என்னை அதிகம் வருத்துவது இந்த இடம்தான், ஏனென்றால் எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்கள் இங்கே தோற்கிறார்கள். பதிவான நாளிலிருந்து 90 நாட்களுக்குள் சுப்பீரியர் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தாக வேண்டும். மே 15-ல் பதிவு செய்தால் ஆகஸ்ட் 13. அந்த நாள் தாண்டினால் லீன் செத்துவிடும். எதிர்த்தரப்புக்கும் இது தெரியும். "அடுத்த மாதம் தருகிறேன், அவசரப்படாதீர்கள்" என்று இனிக்க இனிக்கப் பேசி 90 நாளைக் கடத்தப் பார்ப்பார்கள். உண்மையிலேயே அவகாசம் கொடுக்க நினைத்தால் அதற்கும் வழி உண்டு. கடன் நீட்டிப்பு ஒப்பந்தத்தை உரிமையாளரோடு கையெழுத்திட்டு, அந்த 90 நாளுக்குள் ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிவு செய்தால் கெடு நீளும், அதிகபட்சம் வேலை முடிந்ததிலிருந்து ஓராண்டு வரை. வாய்ச்சொல்லுக்கும் மெசேஜுக்கும் கெடு நீளாது.

வழக்கு போட்ட 20 நாட்களுக்குள், வழக்கு நிலுவையில் இருக்கிறது என்ற அறிவிப்பையும் அதே ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இந்த வழக்கை, சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் போட முடியாது. உங்கள் தொழில் எல்எல்சி அல்லது கார்ப்பரேஷன் பெயரில் இருந்தால் வக்கீல் இல்லாமல் சுப்பீரியர் கோர்ட்டில் நிற்கவும் முடியாது. பதிவு வரை நீங்களே செய்துகொள்ளலாம் என்பது என் கருத்து. இந்தக் கட்டத்துக்கு மட்டும் கட்டுமான வழக்கு பார்க்கும் வக்கீலைக் கட்டாயம் பிடியுங்கள், அதையும் 85-வது நாளில் போய் நிற்காமல், 60-வது நாளுக்குள். கெடு தாண்டிய லீனை எடுக்காமல் பதிவேட்டில் அப்படியே விட்டுவைத்தால் வீட்டுக்காரர் பத்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தில் மனு போட்டு நீக்குவார். அவருடைய வக்கீல் செலவும் உங்கள் தலையில் விழும்.

வழக்கில் ஜெயித்தால் வீட்டிலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு முன்னுரிமை வரிசை பார்க்க வேண்டும். உங்கள் லீன் எந்த நாளில் பதிவானாலும், அந்த ரீமாடல் தரையில் தொடங்கிய நாளிலிருந்தே அது இருந்ததாகக் கணக்கு. வேலை தொடங்கிய பிறகு பதிவான அடமானங்களை அது முந்தும். அதனால்தான் கட்டுமானக் கடன் கொடுப்பவர்கள் கடனைப் பதிவு செய்யும் முன் ஆளனுப்பி, மண்வெட்டி விழவில்லை என்று இடத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். வீடு வாங்கியபோதே போட்ட பழைய அடமானம் உங்களுக்கு முன்னால்தான் நிற்கும். சான் ஹோசே போன்ற ஊரில் வீட்டு விலைக்கும் அடமானப் பாக்கிக்கும் நடுவே பொதுவாக நல்ல இடைவெளி இருக்கும் என்பதால் 14,000 டாலருக்கு அது பெரிய தடையாக இருக்காது. சில சமயம் வீட்டுக்காரரோ ஜெனரல் கான்ட்ராக்டரோ லீன் தொகையில் 125 சதவீதத்துக்கு ஒரு பாண்ட் எடுத்துக் கொடுத்து லீனை வீட்டிலிருந்து விடுவிப்பார்கள். அதற்குக் கவலைப்பட வேண்டாம். வீட்டுக்குப் பதில் பாண்ட் கம்பெனி உங்களுக்குப் பிணையாகிறது, அவ்வளவுதான்.

கையெழுத்து விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோட்டீஸை ஒழுங்காக அனுப்பியவர்களும் உரிமையை இழப்பது இங்கேதான். பணம் கொடுக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் லீன் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஒரு காகிதம் கேட்பார்கள். கலிஃபோர்னியாவில் இதற்கு நான்கே நான்கு படிவங்கள், வாசகம் சட்டத்திலேயே இருக்கிறது. இடைக்காலப் பணத்துக்கு இரண்டு, கடைசிப் பணத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று 'கண்டிஷனல்', மற்றொன்று 'அன்கண்டிஷனல்'. கண்டிஷனல் என்றால் செக் பாஸாகிப் பணம் வந்த பிறகுதான் உரிமை போகும். அன்கண்டிஷனல் என்றால் கையெழுத்திட்ட நொடியே போய்விடும், பணம் வராவிட்டாலும். "இதில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், செக்கை வெள்ளிக்கிழமை தருகிறேன்" என்று நீட்டும் காகிதத்தின் தலைப்பை முதலில் படியுங்கள். பணம் வங்கியில் ஏறும்வரை கண்டிஷனல் மட்டுமே. நீங்கள் ஏற்கனவே 'அன்கண்டிஷனல் ஃபைனல்' படிவத்தில் கையெழுத்திட்டிருந்தால், நான் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அந்தக் காகிதத்தோடு முதலில் வக்கீலைப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் "வீட்டுக்காரர் எனக்குக் கொடுத்தால்தான் நான் உனக்குக் கொடுப்பேன்" என்று ஒரு வரி இருக்கலாம். அது லீன் உரிமையை மறைமுகமாகப் பறிப்பதால் செல்லாது என்று 1997-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் காட்டி யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

ப்ரிலிமினரி நோட்டீஸ் அனுப்பவே இல்லை என்றால்? லீன் கிடையாது. வீட்டுக்காரரிடம் மிச்சப் பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்லும் 'ஸ்டாப் பேமென்ட் நோட்டீஸ்' வழிக்கும் அதே ப்ரிலிமினரி நோட்டீஸ் வேண்டும், அதனால் அதுவும் இல்லை. ஆனால் ஜெனரல் கான்ட்ராக்டர் மீதான உங்கள் கடன் அப்படியேதான் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் என்றால் நான்கு ஆண்டு, வாய் ஒப்பந்தம் என்றால் இரண்டு ஆண்டு வழக்குப் போட நேரம் உண்டு. இன்னொரு சட்டம் உங்கள் பக்கம் பலமாக நிற்கிறது: வீட்டுக்காரரிடமிருந்து வந்த இடைக்காலப் பணத்தில் சப் கான்ட்ராக்டரின் பங்கை, எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், ஏழு நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். நியாயமான தகராறு எதுவும் இல்லாமல் பிடித்து வைத்தால் மாதம் 2 சதவீத அபராதம், தோற்றவர் வக்கீல் செலவையும் கொடுக்க வேண்டும். இந்த விதியை மீறுவது லைசென்ஸ் போர்டில் புகாருக்கும் காரணமாகும். "முழுசாகக் கொடுத்துவிட்டேன்" என்று வீட்டுக்காரர் சொன்னாரே, அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஜெனரல் கான்ட்ராக்டர் பணத்தை வாங்கிக்கொண்டு உங்களுக்குத் தரவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அவர் போர்டில் வைத்திருக்கும் 25,000 டாலர் லைசென்ஸ் பாண்டின் மீதும் கோரலாம். வேண்டுமென்றே விதியை மீறினார் என்று காட்ட வேண்டியிருக்கும். வேறு பலரும் அதே பாண்டுக்கு வரிசையில் நிற்கலாம். நீங்கள் தனி ஆளாகத் தொழில் செய்தால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் 12,500 டாலர் வரை கேட்கலாம். 1,500-ஐ விட்டுக்கொடுத்து வக்கீல் இல்லாமல் சில வாரங்களில் தீர்ப்பு வாங்குவதா, முழுத் தொகைக்குப் பெரிய கோர்ட்டுக்குப் போவதா என்று பார்த்தால், இந்தத் தொகைக்கு நான் முதல் வழியையே சொல்வேன்.

அரசுக் கட்டடங்களில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பள்ளி, சாலை, அரசு அலுவலகம் இவற்றின் மேல் லீன் போட முடியாது. அங்கே பேமென்ட் பாண்டைத்தான் பிடிக்க வேண்டும். மத்திய அரசு வேலைகளுக்கு 1935-ன் மில்லர் சட்டம். ஜெனரல் கான்ட்ராக்டரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாதவர், கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். யாராக இருந்தாலும் ஓராண்டுக்குள் வழக்கு.

வேறு மாநிலங்களில் இருந்து இதைப் படிப்பவர்கள் இந்தத் தேதிகளை எடுத்துக்கொள்ளக் கூடாது. நியூ ஜெர்சியில் வீட்டு வேலை என்றால் கடைசி வேலை நாளிலிருந்து 60 நாளுக்குள் பாக்கி அறிவிப்பைப் பதிவு செய்து, மத்தியஸ்தர் முன் போய், 120 நாளுக்குள் லீன் பதிவாக வேண்டும். மற்றக் கட்டடங்களுக்கு 90 நாள். ஃப்ளோரிடாவில் சப் கான்ட்ராக்டர் 45 நாளுக்குள் உரிமையாளருக்கு நோட்டீஸ், கடைசி வேலையிலிருந்து 90 நாளுக்குள் லீன். நியூ யார்க்கில் தனி வீட்டுக்கு நான்கு மாதம், மற்றத் தனியார் கட்டடங்களுக்கு எட்டு மாதம். டெக்சாஸில் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு அரசியலமைப்பிலேயே தனிப் பாதுகாப்பு இருக்கிறது. வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டு, அதைக் கவுண்டியில் பதிவு செய்திருந்தால்தான் லீன் நிற்கும். டாலஸ், ஹூஸ்டன் பக்கம் வீட்டு வேலை எடுப்பவர்கள் ஒருவர் கையெழுத்தோடு மட்டும் தொடங்கிவிடாதீர்கள், மற்றவரின் கையெழுத்தை வாங்கிப் பதிவு செய்த பிறகு வேலைக்கு இறங்குங்கள்.